மர்மத் தொடர் முடிந்தது சரி, விடை எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதாவது ஒரு மர்மத் தொடர் முடிந்தால் போதும், "எல்லாம் ஓகே, ஆனா அது என்ன ஆச்சு?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: லாஸ்ட், ட்வின் பீக்ஸ், தி லெஃப்ட்ஓவர்ஸ், டார்க், ஷெர்லாக், தி பிரிசனர், தி ஃப்யுஜிட்டிவ், தி சோப்ரானோஸ் ஆகியவற்றின் முக்கியமான இடங்களைக் கீழே போட்டு உடைத்திருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், இந்தப் பக்கம் எங்கும் போய்விடாது.

மர்மத் தொடர்னா முடியும்போது எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியே ஆகணுமா?

வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கேள்வியைக் காட்டி நம்மை உட்கார வைத்தார்களோ அதற்குப் பதில் சொல்லாமல் கடையைக் கட்டக் கூடாது. சின்னச் சின்ன முடிச்சையெல்லாம் அவிழ்த்துவிட்டு, எதற்காக இத்தனை நாள் பார்த்தோமோ அந்த ஒன்றை மட்டும் நட்டாற்றில் விட்டால் கோபம் வரத்தான் செய்யும். அந்த ஒன்றுக்கு ஒழுங்காக விடை சொல்லிவிட்டு மற்றதில் பாதியை விட்டுவிட்டாலும் பெரும்பாலானவர்கள் மன்னித்துவிடுவார்கள், நானும்தான்.

மீதிக் கேள்விகள் எல்லாமே 'அந்த ஒன்று எது' என்ற தகராறுதான்.

அந்த ஒரு கேள்வி எதுன்னு யார் முடிவு பண்றது? நானா, எழுதினவரா?

தொடர்தான். முதல் எபிசோடைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதில் யார் எதைப் பறிகொடுக்கிறார், எதைத் தேடிக் கிளம்புகிறார் என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். கதைக்குள் இருக்கும் ஓர் ஆள் தூக்கம் கெட்டு, வேலையை இழந்து, குடும்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டு தேடுகிற கேள்வி ஒரு ரகம். சோபாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும் தோன்றுகிற கேள்வி இன்னொரு ரகம். முதல் ரகத்துக்கு விடை சொல்வது கடன். இரண்டாவதற்குச் சொன்னால் சந்தோஷம், சொல்லாவிட்டால் குறையில்லை.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: போஸ்டரில் என்ன போட்டு விற்றார்களோ அதுவும் கடன்தான். "அது மார்க்கெட்டிங் ஆட்கள் செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்பது சப்பைக்கட்டு.

கொலைகாரன் யாருன்னு தேடுற தொடருக்கும் இதே சலுகை உண்டா?

கிடையாது. கொலை, துப்பு, சந்தேகப் பட்டியல் என்று போகும் கதை நம்மோடு ஒரு போட்டி வைக்கிறது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். துப்பறிவாளர் கண்ணில் படும் தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. போட்டி என்று வந்துவிட்டால் முடிவையும் அறிவிக்க வேண்டும். 2013இல் வந்த பிராட்சர்ச் எட்டு எபிசோடில் கொலையாளியைச் சொன்னது, 2022இல் தமிழில் வந்த சுழல் எட்டே எபிசோடில் தான் எடுத்த முடிச்சை அவிழ்த்தது. இரண்டிலும் விடை தெரிந்த பிறகுதான் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் அதற்கப்புறமும் அந்தக் குடும்பங்கள் அந்த ஊரிலேயே வாழ்ந்தாக வேண்டும்.

அமானுஷ்யம், காலப் பயணம், விளக்க முடியாத மறைவு என்று போகும் தொடர்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. அங்கே 'யார்' என்பதைவிட 'இதோடு எப்படி வாழ்வது' என்பது பெரிய கேள்வியாக இருக்கலாம்.

பழைய காலத்துல தொடர்லாம் எப்படி முடிஞ்சது? அப்பவும் இந்தச் சண்டை இருந்துச்சா?

அந்தக் காலத்துத் தொடர்களில் பெரும்பாலானவை முடியவே இல்லை, நின்றுபோயின. சேனல் நிறுத்தும், கதை அந்த வாரத்தோடு அப்படியே நிற்கும். அதனால்தான் தி ஃப்யுஜிட்டிவ் தொடரை இன்னும் பேசுகிறார்கள். மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட டாக்டர் 1963இலிருந்து நான்கு சீசன்கள் ஓடிக்கொண்டே ஒற்றைக் கை மனிதனைத் தேடினார். 1967 ஆகஸ்டில் இரண்டு பகுதிகளாக வந்த முடிவில் அவனைப் பிடித்தார், உண்மை வெளியே வந்தது. அமெரிக்காவில் ஒரு தொடர் எபிசோடுக்கு அதுவரை இல்லாத கூட்டம் அதைப் பார்த்தது. அந்தச் சாதனை 1980 வரை நின்றது, அதை உடைத்ததும் டல்லாஸ் தொடரில் 'ஜே.ஆரைச் சுட்டது யார்' என்பதற்கு விடை சொன்ன எபிசோட்தான். விடை வருகிறது என்று தெரிந்தால் ஜனங்கள் எப்படி வருவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்த சில மாதங்களிலேயே பிரிட்டனில் நேரெதிரான ஒன்று நடந்தது. பதினேழு எபிசோட் ஓடிய தி பிரிசனரில் சிறைவைக்கப்பட்ட நாயகன், அந்த இடத்தை மறைவிலிருந்து ஆளும் 'நம்பர் ஒன் யார்' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். 1968இல் வந்த கடைசி எபிசோடில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குரங்கு முகமூடி, அதையும் கழற்றினால் அவன் முகமே கண நேரம் தெரிந்து மறைகிறது. பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் கவனியுங்கள், விடை சொல்லப்பட்டுவிட்டது. எதிர்பார்த்த மாதிரி விடையாக அது இல்லை, அவ்வளவுதான்.

விடை வேணும்னே சொல்லாம விட்டாங்களா, இல்ல மறந்துட்டாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: கடைசியில் அந்தக் கேள்வி திரையில் ஒருமுறையாவது தொடப்படுகிறதா? வேண்டுமென்றே விட்ட கேள்வியை ஒரு பாத்திரம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கும். மறந்துபோன கேள்வியை யாரும் எடுக்கவே மாட்டார்கள்.

தி லெஃப்ட்ஓவர்ஸ் இதற்கு நல்ல பாடம். உலக ஜனத்தொகையில் இரண்டு சதவீதம் பேர் ஓர் அக்டோபர் 14 அன்று ஒரே நொடியில் மறைந்துபோகிறார்கள். கணவனையும் இரண்டு குழந்தைகளையும் அப்படிப் பறிகொடுத்தவள் நோரா. கடைசி எபிசோடில், மறைந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லும் ஓர் இயந்திரத்துக்குள் போகிறாள். திரவம் கழுத்துக்கு மேல் ஏறுகிறது, எதையோ கத்த வாயைத் திறக்கிறாள், அந்த இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். பல வருடங்கள் கழித்து, வயதான நோரா ஒரு மேஜையில் தன் பழைய காதலன் கெவினுக்கு எதிரே உட்கார்ந்து, அங்கே போனதையும் குழந்தைகளைத் தூரத்திலிருந்து பார்த்ததையும் திரும்பி வந்ததையும் சொல்கிறாள். கேமரா அங்கே போகவே இல்லை. அவள் முகத்தை மட்டும் காட்டுகிறது. நிஜமாகப் போனாளா, அல்லது பயந்து கத்தி நிறுத்திவிட்டு இந்தக் கதையைக் கட்டிக்கொண்டாளா, தெரியாது. கெவின் "நம்புகிறேன்" என்கிறான். கேள்வியை மேஜை மேல் வைத்து, எல்லோரும் பார்த்து, பிறகுதான் விடுகிறார்கள். அந்த வெட்டு நினைத்துச் செய்யப்பட்டது என்பது யாருக்கும் புரியும்.

மறதிக்கு உதாரணம், விமான விபத்தில் பிழைத்தவர்கள் ஒரு மர்மத் தீவில் மாட்டிக்கொள்ளும் லாஸ்டில் வரும் படகு. ஐந்தாவது சீசனில் காலம் தாவிக்கொண்டிருக்கும் ஒரு குழு துடுப்புப் படகில் போகும்போது பின்னால் இன்னொரு படகிலிருந்து யாரோ சுடுகிறார்கள். இவர்களும் திருப்பிச் சுடுகிறார்கள், அந்தப் பக்கம் ஒருவர் மேல் குண்டு பட்ட மாதிரிகூடத் தெரிகிறது. அந்தப் படகில் இருந்தது யார் என்று தொடர் முடியும்வரை சொல்லவே இல்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை.

லாஸ்ட்ல எல்லாரும் விமான விபத்துலேயே செத்துட்டாங்கதானே? அப்ப ஆறு சீசனும் சும்மாவா?

இல்லை, இல்லை, இல்லை. தீவில் நடந்தது அத்தனையும் நிஜம் என்று கடைசி எபிசோடில் நாயகன் ஜாக்கின் அப்பாவே வாய்விட்டுச் சொல்கிறார். ஆறாவது சீசனில் கூடவே ஓடும் இன்னொரு வாழ்க்கைதான் மரணத்துக்குப் பிந்தைய இடம். அதில் இருப்பவர்கள் வெவ்வேறு காலத்தில் செத்தவர்கள், சிலர் ஜாக்குக்கு ரொம்பப் பின்னால். இந்தக் குழப்பத்தில் சேனலுக்கும் பங்குண்டு: கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது, ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவு கிடக்கும் காட்சிகளை ஏபிசி தரப்பில் சேர்த்தார்கள், பார்த்தவர்கள் 'ஓ, யாருமே பிழைக்கவில்லை போல' என்று எடுத்துக்கொண்டார்கள்.

லாஸ்ட் ஏமாற்றியதா என்று கேட்டால் என் பதில் இரண்டு துண்டாக இருக்கும். பாத்திரங்களுக்குத் தந்த கடனை அது தீர்த்தது. ஜாக் எதற்காக ஓடினான், எங்கே நின்றான் என்பது முழுசாக இருக்கிறது. ஆனால் 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களையும், தரைக்குள் புதைந்த கதவையும் காட்டி வாராவாரம் ஆசை காட்டியது அதே தொடர்தான். புதிர் ஆசையில் வந்தவர்களுக்கு "இது மனிதர்களைப் பற்றிய கதை" என்று கடைசியில் சொன்னால் எரிச்சல் வராதா?

எழுதறவங்களுக்கே விடை தெரியாமத்தான் ஆரம்பிக்கிறாங்களா?

பல நேரம் பாதிதான் தெரியும். அதில் பெரிய அதிர்ச்சி அடையத் தேவையில்லை. சேனல் தொடர் எத்தனை சீசன் போகும் என்று எழுதுபவருக்கே தெரியாது. நன்றாக ஓடினால் இழுக்கச் சொல்வார்கள், ஓடாவிட்டால் அடுத்த மாதம் கதவைச் சாத்திவிடுவார்கள். லாஸ்ட் 2010இல் முடியும் என்று 2007இல்தான் அறிவித்தார்கள். முடிவு எப்போது என்று தெரியாதவரை எந்த முடிச்சையும் அவிழ்க்கத் துணிச்சல் வராது, அவிழ்த்த பிறகும் தொடர் ஓடினால் என்ன காட்டுவது? இன்னொரு தொல்லை நடிகர்கள். லாஸ்டில் வால்ட் என்ற சிறுவனுக்கு ஏதோ விசேஷ சக்தி என்று ஆரம்பத்தில் பெரிதாகக் காட்டினார்கள். கதையில் சில மாதங்கள்தான் ஓடியிருக்க, நடித்த பையன் அதற்குள் மளமளவென்று வளர்ந்துவிட்டான். அவனைத் தொடர்ந்து காட்ட வழியில்லாமல் போனது.

தெரியாமல் ஆரம்பிப்பது எப்போதும் கெடுதலும் இல்லை. ட்வின் பீக்ஸில் வரும் பாப் என்ற தீய உருவம் திட்டத்திலேயே கிடையாது. ஃப்ராங்க் சில்வா என்பவர் அரங்கப் பொருள்களை அடுக்கும் வேலையில் இருந்தார். அவரைப் பார்த்த, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லிஞ்சுக்கு ஏதோ தோன்றி, கட்டில் ஓரமாக உட்கார வைத்து ஒரு ஷாட் எடுத்து வைத்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. அப்புறம் இன்னொரு காட்சியில் தற்செயலாகக் கண்ணாடியில் சில்வாவின் பிம்பம் விழ, அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அந்தத் தொடரில் ஆளைத் தூங்கவிடாத உருவம் அதுதான். விடை தெரிந்து ஆரம்பித்தார்களா என்பது பெரிதில்லை, போகிற வழியில் கிடைத்ததை எவ்வளவு கவனமாகக் கதையில் கட்டினார்கள் என்பதைப் பாருங்கள்.

கொலைகாரனைச் சொன்னதாலதான் ட்வின் பீக்ஸ் படுத்துச்சுன்னு சொல்றாங்களே? அப்ப சொல்லாம இருக்கிறதுதானே புத்திசாலித்தனம்?

இதை லிஞ்சே பலமுறை சொன்னார். 1990 ஏப்ரலில் தொடங்கிய தொடர், லாரா பாமரைக் கொன்றது யார் என்று நாடே கேட்டது, சேனல் நெருக்கியது, அதே ஆண்டு நவம்பரில் விடையைக் காட்டினார்கள், பிறகு பார்ப்பவர்கள் குறைந்தார்கள், 1991இல் தொடர் நின்றது. வரிசையாகச் சொன்னால் குற்றவாளி விடைதான் என்று தோன்றும்.

எனக்கு அதில் சம்மதமில்லை. கொன்றது லாராவின் அப்பா லீலண்ட், அவருக்குள் இருந்தது பாப். அந்த விடை வந்த எபிசோடுதான் தொடரின் உச்சம் என்று அடித்துச் சொல்வேன். அது எழுப்புகிற அடுத்த கேள்வி, முதல் கேள்வியைவிடப் பெரியது: பாப் என்று ஒன்று இருக்கிறதா, அல்லது ஓர் அப்பா தன் மகளுக்கு இதைச் செய்வான் என்று ஒத்துக்கொள்ள முடியாமல் ஊர் கண்டுபிடித்த பெயரா? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இன்னும் இரண்டு சீசன் தாங்கும். ஆனால் லீலண்ட் செத்ததும் கதை வேறு வேறு கிளைகளில் அலைந்தது. படுத்ததற்குக் காரணம், விடைக்கு அப்புறம் என்ன என்று யாரும் யோசித்து வைக்காததுதான்.

சீசன் முடிவுல விடை சொல்லாம "அடுத்த சீசன்ல பாருங்க"ன்னு விடறது நியாயமா?

எதை விற்றார்கள் என்பதைப் பொறுத்தது. 2011இல் அமெரிக்காவில் வந்த தி கில்லிங் தொடருக்கு விளம்பரமே 'ரோஸி லார்சனைக் கொன்றது யார்' என்பதுதான். பதின்மூன்று எபிசோட் முடிந்தது, பதில் வரவில்லை. ஒரு சந்தேக நபரைக் கைது செய்து, அந்தச் சாட்சியமும் பொய் என்று காட்டிவிட்டு சீசன் முடிந்துபோனது. விமர்சகர்கள் கிழித்தார்கள். 2012இல் இரண்டாவது சீசன் முடிவில் பதில் வந்தபோது பழைய கூட்டம் இல்லை. இதன் மூலமான டேனிஷ் தொடர் 2007இல் ஒரே வழக்கை இருபது எபிசோடில் முடித்தது என்பதால் கோபம் இன்னும் கூடியது.

மொத்தம் இருபத்தாறு எபிசோட் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் யாரும் சத்தம் போட்டிருக்க மாட்டார்கள்.

தொடரை சேனலே ரத்து பண்ணிட்டா? அதையும் எழுதினவர் தலையில கட்டலாமா?

கட்டக் கூடாது. தி ஓஏ இரண்டு சீசனோடு 2019இல் நிறுத்தப்பட்டது, அதற்கு ஐந்து சீசன் திட்டம் இருந்தது. '1899' என்ற தொடர் ஒரே சீசனோடு போனது, மூன்று திட்டமிட்டிருந்தார்கள். அறுந்த கயிற்றைப் பார்த்து 'முடிச்சு எங்கே' என்று கேட்டுப் பயனில்லை. தொடங்கும் முன் அது முழுசாக முடிந்ததா என்று பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

எல்லாத்துக்கும் விளக்கம் கொடுத்துட்டா மர்மம் செத்துடாதா? சப்புன்னு ஆயிடும்ல?

விளக்கம் கேள்வியைவிடச் சின்னதாக இருந்தால் சப்பென்றுதான் ஆகும். பத்து மணிநேரம் பயமுறுத்திவிட்டு 'பக்கத்து வீட்டுக்காரர் சொத்துக்காகச் செய்தார்' என்றால் வேறென்ன தோன்றும்?

ஆனால் டார்க் என்ற ஜெர்மன் காலப் பயணத் தொடர் மாதிரி ஒன்றைப் பாருங்கள். 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், இருபத்தாறு எபிசோட். யார் யாருக்குத் தாய், யார் யாருக்கு மகள் என்று தாளில் வரைந்துகொண்டு பார்க்க வேண்டிய சிக்கல், அதையும் முடிந்தவரை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் முடிந்தது. விடை முழுசாக வந்தும் அழுத்தம் குறையவில்லை, ஏனென்றால் அந்த விடையே காதலர்களான ஜோனாஸும் மார்த்தாவும் இருந்த சுவடே இல்லாமல் போக வேண்டும் என்பது. அறிவுக்குத் திருப்தி, மனசுக்கு வலி. அப்புறம் அதில் வோலர் என்று ஒரு போலீஸ்காரர், அவர் கண்ணுக்கு என்ன ஆனது என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஏதாவது குறுக்கே வந்துவிடும். கடைசிவரை சொல்லவே இல்லை. நமக்கு மட்டும் தோன்றுகிற கேள்வி என்று இரண்டாவது பதிலில் சொன்னேனே, அதை வைத்து எப்படி விளையாடலாம் என்பதற்கு இது அழகான சாம்பிள்.

"பார்வையாளரே முடிவு செஞ்சுக்கட்டும்"னு சொல்றது சோம்பேறித்தனம்தானே?

பாதி நேரம் ஆமாம். முடிவு செய்ய வேண்டுமென்றால் அதற்கான சரக்கு நம் கையில் இருக்க வேண்டும். நோரா விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் சான்று இருக்கிறது: அவள் அழுத்தமாகச் சொல்கிறாள், அது அவள் போனாள் என்பதற்கு, இயந்திரத்தில் வாயைத் திறந்த அந்த நொடி, அவள் போகவில்லை என்பதற்கு. நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது நம்மைப் பற்றி ஏதோ சொல்கிறது. ஒரு பக்கத்துக்கும் ஒன்றும் இல்லாமல் புகையைக் கிளப்பிவிட்டு 'உங்கள் கற்பனைக்கே விட்டுவிட்டோம்' என்றால், எழுத வேண்டிய பக்கத்தை நம்மிடம் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம்.

திடீர்னு திரை கறுப்பாகி முடியுதே, அந்த மாதிரி?

2007இல் தி சோப்ரானோஸ் அப்படி முடிந்தது. மாஃபியா தலைவன் டோனி சாப்பாட்டுக் கடையில் தலையை நிமிர்த்துகிறான், பாட்டு நடுவில் அறுந்து திரை கறுப்பு. வீட்டில் கேபிள் போய்விட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். அது மர்மத் தொடர் இல்லை, 'டோனி சாவானா' என்று அது யாரிடமும் வாக்குக் கொடுக்கவும் இல்லை, அதனால் அங்கே பொருந்தியது. அதைப் பார்த்துக் காப்பியடித்துக் கொலை வழக்கை அப்படி முடித்தால் மூன்றாவது பதிலுக்குத் திரும்பிப் போங்கள்.

எல்லாம் கனவுன்னு முடிக்கிறதும் ஒரு விடைதானே?

விடைதான், விடை சொல்லாததைவிட மோசமான விடை. டல்லாஸ் 1986இல் ஒரு சீசன் முழுவதையும் பாம் என்ற பெண் கண்ட கனவு என்று துடைத்துப் போட்டது. செத்துப்போன பாபி குளியலறையிலிருந்து சாவகாசமாக வெளியே வந்தார். செயின்ட் எல்ஸ்வேர் 1988இல் ஆறு சீசன் மருத்துவமனையையும் ஒரு சிறுவன் கையிலிருந்த கண்ணாடிப் பந்துக்குள் அடைத்துவிட்டது. திறந்துவிட்ட கேள்வியை நாம் யோசித்துக்கொண்டாவது இருக்கலாம். கனவு என்றால் பாத்திரங்கள் பட்ட பாடு எதற்கும் கணக்கே இல்லாமல் போகிறது.

ஷெர்லாக் மாடியிலேர்ந்து குதிச்சு எப்படிப் பிழைச்சான்? மூணு கதை சொல்லி எதையும் உறுதி பண்ணலையே, அது உங்க கணக்குல பாஸா ஃபெயிலா?

இந்தப் பக்கத்திலேயே எனக்குச் சிக்கலான கேள்வி இதுதான். 2012இல் குதித்தான், 2014இல் திரும்பினான். திரும்பிய எபிசோடில் மூன்று விளக்கங்கள், முதல் இரண்டும் ரசிகர்களின் தியரியைக் கேலி செய்பவை, மூன்றாவதை ஷெர்லாக்கே, போலீஸில் தடயவியல் வேலை பார்த்த ஆண்டர்சனிடம் சொல்கிறான், ஆண்டர்சனுக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. கதைக்குள் காயப்பட்டவன் ஷெர்லாக்கின் நண்பன் ஜான் வாட்சன். அவன் எப்படி ஏமாற்றினாய் என்பது எனக்கு வேண்டாம், ஏன் என்று சொல் என்கிறான். என் விதிப்படி ஜானின் கேள்விதான் கடன், எனவே பாஸ்.

ஆனால் போஸ்டரையும் விளம்பரத்தையும் கணக்கில் சேர்க்கச் சொன்னதும் நான்தான். முந்தைய சீசனை ஷெர்லாக் கல்லறை ஓரமாக உயிரோடு நிற்கும் காட்சியில் முடித்து, 'எப்படி' என்று இரண்டு வருடம் உலகத்தையே கேட்க வைத்தார்கள். அப்படிக் கேட்க வைத்துவிட்டு, கேட்டவர்களையே நக்கல் அடித்ததை என்னால் ரசிக்க முடியவில்லை. எழுத்தாகப் பாஸ், நடத்தையாக ஃபெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் நிறைய, போடட்டும்.

எழுதினவர் பேட்டியில சொன்ன விடையைக் கணக்குல எடுத்துக்கலாமா?

தெரிந்துகொள்ளலாம், கணக்கில் எடுக்க மாட்டேன். தொடரில் இல்லாதது தொடரில் இல்லை. லாஸ்ட் முடிந்த பிறகு டிவிடியில் பன்னிரண்டு நிமிடம் போல ஒரு பின்னுரை வந்தது, சில கேள்விகளுக்கு அதில் விடை உண்டு, வால்ட்கூட வருகிறான். டிவி முன்னால் ஆறு வருடம் உட்கார்ந்தவர்கள் பன்னிரண்டு நிமிடத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கத்தான் செய்கிறது.

உண்மைக் குற்றத்தை வச்சு எடுக்கிற ஆவணத் தொடர் விடை இல்லாம முடியலாமா?

இங்கே மேலே சொன்ன விதியெல்லாம் தலைகீழ். விடை இல்லையென்றால் இல்லை என்றுதான் முடிக்க வேண்டும். கற்பனைக் கதையில் விடை சொல்லாவிட்டால் நமக்கு ஏமாற்றம், அவ்வளவே. நிஜ வழக்கில் இல்லாத விடையைச் செய்து வைத்தால் உயிரோடிருக்கும் ஒருவர் மாட்டிக்கொள்வார்.

தி ஜின்க்ஸ் இதில் யோசிக்க வைப்பது. 2015இல் ஆறு எபிசோட். கடைசியில், கொலைகளில் சந்தேகிக்கப்பட்ட அமெரிக்கப் பணக்காரர் ராபர்ட் டர்ஸ்ட் மைக் கழற்றாமல் கழிவறைக்குப் போய்த் தனக்குத்தானே முணுமுணுத்து, எல்லோரையும் கொன்றதாக ஒத்துக்கொள்கிற மாதிரி முடிகிறது. அது ஒளிபரப்பாவதற்கு முந்தைய நாள்தான் அவர் கைதானார். நான்கு வருடம் கழித்து நீதிமன்ற ஆவணம் வழியாக, அவர் வெவ்வேறு இடத்தில் சொன்ன வாக்கியங்களைப் படத்தொகுப்பில் வரிசை மாற்றி ஒட்டியிருந்தது தெரியவந்தது. 2021இல் அவர் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, அது சாட்சியங்களை வைத்து வந்தது. இருந்தாலும் கச்சிதமான முடிவு வேண்டும் என்ற ஆசை நிஜ மனிதரின் வாய்ச்சொல்லை வெட்டி ஒட்டும் அளவுக்குப் போகிறது என்பதைப் பார்த்த பிறகு, ஆவணத் தொடரில் 'முடிவு சூப்பர்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வருகிறது.

நானே ஒரு மர்மத் தொடர் எழுதிட்டிருக்கேன். எதைத் திறந்து விடலாம், எதை விடக் கூடாது?

நாயகி எந்தக் கேள்விக்காகத் தன் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டாளோ அதை மூடுங்கள். 'யார்', 'எப்போது' போன்ற உண்மைக் கேள்விகளைத் திறந்துவிட்டால் அரைகுறையாகத்தான் தெரியும். 'ஏன்', 'மன்னிக்கலாமா', 'நம்பலாமா' போன்றவை திறந்திருந்தால் கதை இன்னும் கொஞ்ச நாள் நம்மோடு இருக்கும். திறந்துவிடப் போகும் கேள்வியைக் கடைசி இரண்டு எபிசோடுக்குள் யார் வாயிலாவது வர வையுங்கள், இல்லையென்றால் மறந்துவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வோம். அப்புறம், நடுவில் சுவாரசியத்துக்காகப் போட்ட ஒவ்வொரு புதிர்க் காட்சியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்களுக்கு மறந்தாலும் பார்ப்பவர்களுக்கு மறக்காது, அந்தப் படகை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விடை இல்லாம முடியுற தொடரை நண்பருக்குச் சொல்லும்போது அதையும் சொல்லிடணுமா? அதுவே ஸ்பாய்லர் இல்லையா?

சொல்லிவிடுவேன். 'கொலையாளி யாரென்று தெரியும், மற்றது பாதிதான் தெரியும்' என்று சொல்வதால் எந்த முடிச்சும் அவிழ்வதில்லை, எதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தெரிகிறது. தி லெஃப்ட்ஓவர்ஸ் அதைத் தானே செய்தது: மர்மம் மர்மமாகவே இருக்கட்டும் என்ற பொருள்படும் பாட்டை இரண்டாவது சீசனின் தலைப்பிசையாக வைத்தார்கள். மறைந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பவர்கள் அந்தப் பாட்டிலேயே எழுந்து போயிருக்கலாம்.